படிகாரத்தால் எழுதிய வீரம்

கலை என்பது இறைவன் மானிட நெஞ்சில் ஏற்றிவைத்த அணையா விளக்கு. அவ்விளக்கின் ஒளி பட்டதனாலேயே சித்திரக்காரி அலங்காரவல்லி அரண்மனைச் சுவர்களைத் துறந்து வெண்துகிலைத் தழுவினாள் என்று மன்னர் வெற்றிவேங்கைராயரின் அவைப் புலவர்கள் பாடியிருந்தார்கள். வாசக அன்பர்களே, அவர்களில் ஒருவராவது அவளையே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தச் சிரமத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

கேட்கும் வேளை வேறு விதமாக வந்தது. கொள்ளிடத்தின் அகன்ற நீர்ப்பரப்பில் அந்திச் செவ்வானம் குங்குமமாய்க் கரைய, நாணற்காட்டுக்கு மேலே முழுமதி தலைநீட்டிய நேரத்தில், போர் வென்று திரும்பிய படையின் பாசறை நடுவே அலங்காரவல்லி கைகள் கட்டப்பட்டு நின்றாள்.

"பிரபு! இவள் மூங்கில் எழுதுகோலைத் தெளிந்த நீரில் தோய்த்துத் துணியில் எழுதிக்கொண்டிருந்தாள். துணியிலோ ஒன்றுமே இல்லை! கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒற்றர்களுக்கல்லாமல் யாருக்கு வேண்டும்?" என்று முழங்கினார் படைத்தலைவர் மழவரையர். போன மாதம்வரை அவளுக்குத் தாழம்பூ அனுப்பிக்கொண்டிருந்தவர், சுவர்ச் சித்திரத்தில் தம் தோளை இன்னும் சற்று அகலமாக்கச் சொல்லி, "இருந்தால் எழுதமாட்டேனா?" என்ற பதிலைப் பெற்றுக்கொண்டவர்.

"சுவர் இருக்கத் துணி எதற்கு, பெண்ணே?" என்றார் மன்னர். "மெய்யைச் சொல். ஒற்றாடினாய் என்றால் விடியும்போது உன் தலை கழுத்தில் இராது."

"சுவரில் கோடு இழுத்த மாத்திரத்தில் தெரிந்துவிடுகிறது, பிரபு. தெரிந்தால் பின்னால் நிற்பவர்களுக்கு வாய் சும்மா இருக்கிறதா? மூக்கைக் கூராக்கு, தொந்தியைத் தட்டையாக்கு, அமைச்சரை முன்னால் நிறுத்து என்கிறார்கள். துணியில் படிகார நீரால் எழுதினால் சாயவேரில் கொதிக்கும்வரை எவர் கண்ணிலும் படாது. அதுவரை என் கை என் பேச்சை மட்டும் கேட்கிறது. அந்தச் சுகத்துக்காகத்தான் துணி."

"அப்படியானால் இப்போதே கொதிக்கவை!"

அலங்காரவல்லியின் முகம் வெளுத்தது. கொதிக்கவைக்காவிட்டால் ஒற்றாள் என்று தலை போகும். வைத்தாலோ, தனக்கென்று மட்டும் எழுதிக்கொண்டதை மன்னர் பார்த்த பிறகு போகும்.

கொப்பரை ஏறியது. சாயவேர் கொதித்தது. நாழிகை சில கடந்தபின் வீரர் இருவர் கோலால் துணியைத் தூக்கி விரித்தார்கள். வெறுந்துணியாய் உள்ளே போனது இரத்தச் சிவப்பாய்க் கோடு கோடாக எழும்பி வந்திருந்தது.

பனைமரம் ஒன்று. அதன் உச்சியில் மட்டைகளைக் கட்டிக்கொண்டு, கச்சை அவிழ, கண்கள் பிதுங்க ஓர் ஆண்மகன். தொங்கிய வலது காலில் வேங்கைத் தலை பொறித்த வீரக்கழல்.

அந்நாட்டில் வேங்கைக் கழல் அணியும் கால் ஒன்றே ஒன்றுதான். மன்னர் அந்தக் காலை மெல்ல ஆசனத்துக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"துணியில் அழுக்கு ஏறியிருக்கிறது, பிரபு! ஒரு நொடியில் அலசிவிடுகிறேன்!" என்று மழவரையர் ஆற்றுக்கு ஓடித் தம் கையாலேயே கசக்கினார். சாயவேர்ச் சிவப்பின் குணம் அவருக்குத் தெரியாது. அலச அலச அது தெளிந்தது. பிதுங்கிய கண்களின் நரம்புகூடத் தெரிந்தது.

"யார்... யார் இவன்?" என்றார் மன்னர், வறண்ட குரலில்.

மழவரையர் ஈரத்துணியையும் அலங்காரவல்லியையும் மாறி மாறிப் பார்த்தார். தாழம்பூக் காலத்து நெஞ்சம் எங்கோ அசைந்திருக்க வேண்டும்.

"பகை மன்னன், பிரபு! தங்கள் கழலைத் திருடிக்கொண்டு ஓடியிருக்கிறான்!"

"அதுதானே பார்த்தேன்!" மன்னருக்கு உயிர் வந்தது. "பகைவனின் கோழைத்தனத்தை எழுதியவள் ஒற்றாள் ஆவாளா? கட்டை அவிழுங்கள்! அவனை மரமேற்றியது நம் பட்டத்து யானையாகத்தான் இருக்க வேண்டும். யானையையும் எழுதியிருக்கிறாய் அல்லவா?"

எல்லோரும் மரத்தடியைக் குனிந்து பார்த்தார்கள்.

அங்கே நின்றது எருமைக் கன்று.