அக்காவின் நம்பர்

காலை பத்து மணிக்கு அனுப்பிய படத்தின் மூலையில் சின்னதாக ஒரு கடிகாரம் விழுந்திருந்தது. மத்தியானம் ஒரு மணிக்கும் அது அங்கேயே இருந்தது. கடிகாரம் இருந்தால் படம் இன்னும் ஃபோனை விட்டே கிளம்பவில்லை என்று அர்த்தம்.

தர்ஷிகா மெரூன் சேலை கட்டிக்கொண்டு, கண்டி மஹய்யாவ பகுதியில் தன் வீட்டின் பின்படியில் நின்று தானே எடுத்த படம் அது. எட்டுத் தடவை எடுத்து ஏழு படத்தை அழித்திருந்தாள். அதற்குக் கீழே "படம் வந்துச்சா?" என்று எழுதியிருந்தாள். அதிலும் கடிகாரம். இன்னும் கீழே "சும்மாதான் எடுத்தேன்." அதிலும்.

அவள் பல்லேகலவில் தண்ணீரைப் போத்தலில் அடைக்கும் கம்பனி ஒன்றின் ஆய்வுகூடத்தில் வேலை பார்க்கிறாள். பிழை வந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது அங்கே பழகிய பாடம். டேட்டாவை நிறுத்திப் போட்டாள். ஃபோனை அணைத்துப் போட்டாள். திகதி சரியா, நேரம் சரியா, இடம் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து, ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதிக் கோடு போட்டாள். கடைசியில் அதே படத்தைக் கூட வேலை செய்யும் அஸீமாவுக்கு அனுப்பினாள். அந்த நிமிடமே போய்விட்டது.

"மாப்பிள்ளைக்குக் காட்ட வேண்டியத எனக்குக் காட்டுறியா?" என்று அஸீமா எழுதினாள்.

மற்ற எல்லோருக்கும் போனது. கட்டாரில் இருந்த நிரஞ்சனுக்கு மட்டும் போகவில்லை.

"காலையில இருந்து அதையே நோண்டிக்கிட்டு இருக்க," என்றாள் அம்மா ரத்தினம்மா, கீரையை ஆய்ந்தபடி.

"படம் போகுதில்லம்மா."

"நிலூ இருந்திருந்தா ரெண்டு நிமிசத்துல சரி பண்ணியிருப்பா."

அம்மா நோகடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மழை வரப்போகிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். தர்ஷிகா கொப்பியை மூடினாள்.

நிலூஷா அவளுடைய அக்கா. எட்டு மாதத்துக்கு முன் டெங்குக் காய்ச்சலில் ஐந்தே நாளில் போய்விட்டாள். மழை நாளில் செம்மண்ணில் புதைத்தார்கள். நிரஞ்சன் அக்காவுக்குப் பேசிய மாப்பிள்ளை. பதினான்கு மாதம் இருவரும் இதே ஃபோனில் பேசினார்கள். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் பாய் விரித்துப் படுத்திருந்த தர்ஷிகா, அந்தப் பக்கம் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதைக் கேட்டபடியே தூங்கிப்போவாள். சில நாள் தூங்கமாட்டாள். ஸ்பீக்கரில் அவன் குரல் கேட்கும்போது தன் மூச்சை மெதுவாக விடுவாள். அதை யாரிடமும் சொன்னதில்லை.

அக்காவின் வருசம் திரும்புவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் மறுபடியும் வந்தார்கள். கொடுத்த வாக்கு கொடுத்ததுதான், மூத்தவள் இல்லாவிட்டால் இளையவள் இருக்கிறாள் என்று இரண்டு பக்கமும் பேசி முடித்தார்கள். அம்மா அலுமாரியிலிருந்து அக்காவின் ஃபோனை எடுத்து நீட்டினாள். "இதையே வச்சுக்க. அவங்க எல்லாருக்கிட்டயும் இந்த நம்பர்தான் இருக்கு. புது நம்பர் குடுத்தா புதுசா பேச்சுத் தொடங்குற மாதிரி ஆயிரும்."

அதில் மெசேஜ் ஆப்பை மறுபடி போட்டபோது, பழைய சேமிப்பு இருக்கிறது, மீட்கவா என்று அது கேட்டது. வேண்டாம் என்று தாண்டிப் போகவும் இடம் இருந்தது. தர்ஷிகா மீட்டாள். அவன் அக்காவிடம் என்னென்ன சொன்னான் என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

மூன்று நாள் படித்தாள். அக்காவை அவன் "நீ" என்றுதான் கூப்பிட்டிருந்தான். "சாப்பிட்டியாடி" என்று கேட்டிருந்தான். இவளை "நீங்க" என்றான். பல் டாக்டரிடம் பேசுவதுபோல அளந்து பேசினான். அதைவிட ஒன்று அவளை உறுத்தியது. நம்பர் ஒன்றுதான் என்பதால் அக்கா எழுதியதும் இவள் எழுதியதும் ஒரே பக்கத்தில், ஒரே பச்சைக் கட்டத்தில் கிடந்தன. அக்கா எங்கே முடிந்தாள், இவள் எங்கே தொடங்கினாள் என்று திரையில் எந்தக் கோடும் இல்லை.

அம்மாவுக்கு மட்டும் அதனால் ஒரு லாபம். அக்காவின் குரல் பதிவு ஒன்று அதில் கிடைத்தது. பதினொரு செக்கன். "அம்மா கூப்பிடுறாங்க, அப்புறமா பேசுறேன்." விளக்கு வைத்ததும் அம்மா தினமும் வந்து நிற்பாள். "ஒருக்கா போடு."

இரண்டு மணிக்கு பஸ் பிடித்து கட்டுகஸ்தோட்டைக்குப் போனாள். பாலத்துக்கு இந்தப் பக்கம், செருப்புக் கடைக்கு மேல்மாடியில் ஹில்மி ஃபோன் திருத்துகிறவன். பழுப்புத் தண்ணீர் ஆற்றில் இரைவது கடை வரைக்கும் கேட்டது.

"ஃபோன்ல ஒரு பிழையும் இல்ல தங்கச்சி," என்றான் ஹில்மி. "மாப்பிள்ளை ப்ளொக் பண்ணிட்டாரோ?"

"ப்ளொக் பண்ணினா ஒரு சரி அடையாளம் வருமே. கடிகாரம் வராது."

"அப்ப நீங்கதான் இந்தக் கதிரையில இரிக்கணும், நான் எழும்புறன்." சிரித்தபடி திரையைத் தள்ளிக்கொண்டு போனவன் ஓரிடத்தில் நின்றான். "இந்த நம்பர் இன்னொரு இடத்துலயும் ஓடுது. வீட்டுல கம்பியூட்டர் ஏதும் இரிக்கா?"

"இல்ல."

"யாரோ போட்டிரிக்காங்க. கண்டின்னு காட்டுது. கடைசியா பாவிச்சது ரெண்டு பத்துக்கு." அவன் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தான். ரெண்டே முக்கால். "வெட்டி விடுறன். ஒரு நம்பர்ல ரெண்டு பேர் இரிந்தா இப்பிடித்தான், ஒராளுடையது போகாது."

வெட்டிவிட்டான். அது போனது. அவள் எழுந்து நிற்பதற்குள் திரும்பவும் வந்து உட்கார்ந்துகொண்டது. கடைசியாகப் பாவித்தது: இப்போது.

ஹில்மி காசு வாங்கவில்லை. ஃபோனை மேசை வழியாக இரண்டு விரலால் தள்ளினான்.

வீடு வந்து சேர்ந்தபோது ஐந்து மணி. மழை இறங்கியிருந்தது. தகரத்தில் அது விழும் சத்தத்துக்கு அடியில், அடுப்பில் கீரை கொதிக்கும் சத்தத்துக்கும் அடியில், வேறொரு சத்தம், யாரோ கண்ணாடியில் நகத்தால் மெதுவாகத் தட்டித் தட்டி எழுதுவதுபோல அறைக்குள்ளிருந்து வந்தது. அவள் கதவில் நின்றாள். சத்தமும் நின்றது. உள்ளே யாரும் இல்லை. கட்டில், அலுமாரி, பழையதைக் கழற்றிவிட்டுப் போன ஞாயிற்றுக்கிழமை அவள் தானே தைத்து மாட்டிய நீலத் திரைச்சீலை. தோண்டிய மண் மழையில் நனைந்த வாசனை மட்டும் இருந்தது. யன்னல் சாத்தியிருந்தது.

ஃபோன் அதிர்ந்தது. நிரஞ்சன்.

"இத எப்ப எடுத்தது? இந்தப் படத்த நான் பார்த்ததே இல்ல."

எந்தப் படம் என்று எழுதினாள். கடிகாரம்.

"அழுகை வருது. இன்னொன்னு அனுப்பு."

அனுப்பு என்றான். அனுப்புங்க என்று சொல்லவில்லை. பயத்துக்கு முன்னால் அவளுக்குள் எழுந்தது வேறு ஒன்று. பொறாமை.

அவன் அந்தப் படத்தைத் திருப்பி அனுப்பினான். திறந்தாள்.

அக்கா. தலையைக் கொஞ்சம் சாய்த்து, வாயைப் பொத்திச் சிரிக்கிறாள். பின்னால் நீலத் திரைச்சீலை.

தர்ஷிகா படத்தைப் பார்த்தாள். திரைச்சீலையைப் பார்த்தாள். ஓரத்தில் நூல் தவறி வளைந்து போன தையல் படத்திலும் இருந்தது.

அவள் ஓடியிருக்கலாம். அம்மாவைக் கூப்பிட்டிருக்கலாம். கட்டிலில் உட்கார்ந்தாள். அக்கா செத்த பிறகும் அவன் அவளுக்காகத்தான் அழுகிறான். தன் சேலைக்கு, தன் எட்டுப் படத்துக்கு, ஒன்றுமில்லை. மேலே தள்ளிக்கொண்டே போனாள். பதினான்கு மாதம். சாப்பிட்டியாடி. தூங்கிட்டியாடி. சிரிப்பு. பதினொரு செக்கன் குரல்.

"தர்ஷி, விளக்கு வச்சிட்டேன்," என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து. "வர்றேன், ஒருக்கா போடு."

எல்லாவற்றையும் அழிக்கவா என்று ஃபோன் கேட்டது. சேமிப்பையும் சேர்த்தா? அழித்தால் திரும்ப எடுக்க முடியாது.

அம்மாவின் செருப்புச் சத்தம் நடையில் கேட்டது.

அழித்தாள்.

திரை வெறுமையானது. அவ்வளவு சுத்தமாக ஒரு திரையை அவள் பார்த்ததே இல்லை. மெரூன் சேலைப் படத்தை எடுத்தாள். அனுப்பினாள். ஒரு சரி. இரண்டு சரி. இரண்டும் நீலமாயின.

அந்த நீலத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். ஜெயித்த சந்தோசத்தில்.

உடனே அவன் வீடியோவில் அழைத்தான். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு எடுத்தாள்.

அவன் கண்ணைத் துடைத்தான். திரும்பவும் துடைத்தான். பிறகு, அவள் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் படுத்துக் கேட்ட அந்தக் குரலில், "எங்கடி போன?" என்றான்.

மூலையில் சின்னக் கட்டம். அவள் முகம் தெரிய வேண்டிய கட்டம்.

அதில் அக்கா.

தர்ஷிகா கன்னத்தைத் தொட்டாள். அக்காவும் தொட்டாள். விரல் ஈரமாக இருந்தது. கையைக் கீழே இறக்கிப் பார்த்தாள். நகங்களுக்குள் செம்மண்.

அம்மா வாசலில் நின்றாள்.

அம்மா அலறவில்லை. மெல்ல வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அவள் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தினாள். முடியை முகர்ந்தாள். எட்டு மாதமாகக் குனிந்தே இருந்த அம்மாவின் முதுகு நிமிர்ந்தது.

"வந்துட்டியா," என்றாள். "ரொம்ப நனைஞ்சு போயிட்டியே, நிலூ."

"அம்மா, நான்..."

வெளியே வந்தது அவள் குரல் இல்லை. சற்று முன்பு அழித்த குரல்.

"பேசாத. இரு." அம்மா சேலைத் தலைப்பால் அவள் நெற்றியைத் துடைத்தாள். பிறகு நடைப் பக்கம் திரும்பிச் சத்தமாகக் கூப்பிட்டாள். "தர்ஷி, இங்க வா. அக்கா வந்திருக்கா."

மழை. கீரை கொதிக்கும் சத்தம்.

"தர்ஷி?"

அவள் வாயைத் திறந்தாள். நாக்கு அசையவில்லை. பல்லுக்கு நடுவே மண் நறநறத்தது.

"இப்பதானே இங்க இருந்தா. எங்க போனா இந்தப் பொண்ணு?" அம்மா எழுந்தாள். அடுப்படிக்குப் போய்ப் பார்த்தாள். பின்கதவைத் திறந்து பார்த்தாள். படியில் இறங்கினாள். மழைக்குள் நின்று, முதலில் சாதாரணமாகவும், பிறகு கொஞ்சம் பதற்றமாகவும், பிறகு அக்கம்பக்கத்து விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும்படியும், தர்ஷி, தர்ஷி என்று கூப்பிட்டுக்கொண்டே தெருவை நோக்கிப் போனாள்.

கட்டிலில் இருந்தவள் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.