ஏர்க்கால் காட்டிய திசை

ஆம்ப்ரோஸ் கண் விழித்தபோது வண்டியின் ஏர்க்கால், கழுதைகளைப் பூட்டும் அந்த நீண்ட முன்மரம், வந்த வழியைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

துருவ நட்சத்திரம் கண்ணில் பட்டதும் ஏர்க்கால் நுனியை அதற்கு நேராக வைத்துவிட்டுப் படுப்பது வழி தேடிப் போகிறவர்களின் வழக்கம். விடிந்தால் நட்சத்திரம் இருக்காது. ராக்கி மலைகளுக்கு மேற்கே, இந்த உப்பு வெளியில், அடையாளத்துக்கு ஒரு புதர்கூடக் கிடையாது. ஏர்க்கால் காட்டும் வடக்கை வைத்துத்தான் மேற்கைப் பிடிக்க வேண்டும். முன்னால் எங்கோ ஆறு இருப்பதாகக் கேள்வி. பீப்பாயில் தண்ணீர் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. ஆற்றைப் பிடிக்காவிட்டால் இருவருக்கும் சாவுதான்.

"யோவ் திபோ, இதுல என்னய்யா விளையாட்டு?"

வழித்துணையாக வந்த கனடாக்கார வேட்டைக்காரன் திபோ தன் சிவப்புக் கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டான். "எனக்கு வேற பொழப்பில்ல பாரு. உன் தம்பி வந்து திருப்பிட்டுப் போயிருப்பான்."

ஆம்ப்ரோஸுக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பி கேலப் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது, வண்டித்தடத்திலேயே குழி வெட்டிப் புதைத்து, ஓநாய்கள் மோப்பம் பிடிக்காமலிருக்க அதன்மேல் வண்டியை ஓட்டினார்கள். அதுவும் வழக்கம்தான். ஆனால் சக்கரம் ஏறி இறங்கியபோது வண்டி குலுங்கிய குலுக்கலை அவன் உடம்பு இன்னும் மறக்கவில்லை. உயிரோடிருந்தவரை ஏர்க்கால் வைப்பது கேலப்பின் வேலை. வைத்துவிட்டுக் குரல் கொடுப்பான்: "வச்சாச்சு அண்ணே, நூல் புடிச்சாப்ல!" அதைக் கேட்ட பிறகுதான் அண்ணனுக்குத் தூக்கம் வரும். இருட்டென்றால் பயப்படுகிற பயலை இந்தப் பாழ்வெளியில் ஒற்றையாய் விட்டுவிட்டு வந்தோமே என்ற நினைப்பு ஆம்ப்ரோஸை விடவில்லை.

நேற்றைய தடத்தைப் பார்த்து மேற்கைக் கணித்துக்கொண்டார்கள். பகல் முழுக்கக் காலடியில் உப்புப் பொருக்கு அப்பளம் போல நொறுங்கிக்கொண்டிருந்தது. கோவேறு கழுதைகளின் வியர்வை நாற்றத்தோடு, ஈரமண்ணைக் கிளறினால் வருமே, அந்த வாடையும் பின்னாலிருந்து விட்டுவிட்டு வந்தது. ஈரமே இல்லாத பூமியில் அது எங்கிருந்து வந்ததென்று திபோவிடம் கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. அன்று அந்தியில் அவனே ஏர்க்காலை வைத்தான், சக்கரங்களுக்குக் கல் கொடுத்தான், ஏர்க்காலைக் கட்டிக்கொண்டே படுத்தான்.

விடிந்தபோது புழுதி மூடி வானமும் தரையும் ஒரே வெள்ளையாக இருந்தன. சூரியன் இல்லை. தடங்களைக் காற்று அழித்திருந்தது. ஏர்க்கால் மட்டும் அவன் அணைப்பிலேயே இருந்தது.

"அசையல. ராத்திரி பூரா புடிச்சிட்டிருந்தேன்."

"நீ தூங்கலன்னு எனக்கு எப்படித் தெரியும்? தம்பி போனதுலேர்ந்து உன் புத்தி உங்கிட்ட இல்ல. அந்தக் கட்டைய நம்பி நான் சாக மாட்டேன்."

திபோ ஒரு கழுதையை அவிழ்த்துக்கொண்டு எதிர்த்திசையில் நடந்தான். சிவப்புத் தொப்பி சற்று நேரம் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. இவ்வளவு தனிமையை ஆம்ப்ரோஸ் அதுவரை அறிந்ததில்லை. திட்டுவதற்காவது ஒருவன் இருந்தால் தேவலை என்றிருந்தது.

மிஞ்சிய ஒற்றைக் கழுதையை வண்டியில் பூட்டி, ஏர்க்காலை நம்பி நடந்தான். அந்தி சாயும் வேளையில் புழுதி அடங்கியது.

முன்னால், காற்று அழிக்காத சக்கரத்தடம். அவன் வண்டியின் தடம்தான். அது ஏறி இறங்கிய மேடு.

கேலப்.

கழுதை மிரண்டது. வாரை அறுத்துக்கொண்டு ஓடியது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

ஆம்ப்ரோஸ் மேட்டருகே போனான். பக்கத்தில் இன்னொரு மேடு. புதுமண். ஈரமாக. அதன்மேலும் சக்கரம் ஏறிய தடம். ஓரத்தில், மண்ணுக்கு வெளியே, சிவப்புக் கம்பளித் தொப்பி.

அதற்கும் பக்கத்தில் ஒரு குழி. ஆள் நீளம். மூடவில்லை.

"திபோ..." என்றான்.

மேலே துருவ நட்சத்திரம் தெரிந்தது.

பின்னால் சக்கரம் கிறீச்சிட்டது.

திரும்பினான். இழுக்கக் கழுதை இல்லாத வண்டி மெல்ல உருண்டு வந்துகொண்டிருந்தது. ஏர்க்கால் வானத்தைப் பார்க்கவில்லை. அவன் நெஞ்சுக்கு நேராக நின்றது.

"வச்சாச்சு அண்ணே," என்றது வண்டிக்கடியிலிருந்து, மண் அடைத்த குரல். "நூல் புடிச்சாப்ல."