தோசைக்கல்லின் கடைசி வளையம்

மல்வேர்னில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு. நன்றி நாள் நெருங்கியதால் எல்லோரும் வீட்டிலிருந்து ஒவ்வொரு பொருள் கொண்டுவந்திருந்தார்கள்.

"உது உங்கட கைக்கு வந்து சேர ஆர் ஆர் உதவினவை? ஒவ்வொருத்தருக்கும் நன்றி சொல்லி ஒரு கடதாசி வளையம் கோவுங்கோ," என்றார் ஜெயமலர் ரீச்சர்.

துவாரகா கொண்டுவந்தது இரும்புத் தோசைக்கல். தூக்கிவந்த கை இன்னும் வலித்தது.

பக்கத்தில் சுபாங்கியின் மேசை வெறுமையாக இருந்தது. தன் புட்டுக்குழலை அவள் பஸ்ஸில் விட்டுவிட்டாள். பின்னால் ஓடி விழுந்ததில் முழங்காலும் சிராய்த்துவிட்டது.

"இப்ப அந்த பஸ் புட்டு அவிச்சுக்கொண்டு போகும்," என்றான் பஸ்ரியன்.

"சும்மா இரடா," என்றாள் துவாரகா.

சுபாங்கியின் கண்கள் நிறைந்திருந்தன. "என்ர முறை வரேக்க நான் என்னத்தைக் காட்டுறது?"

அதற்குள் ரீச்சர் துவாரகாவைக் கூப்பிட்டார். தோசை சுடும் அப்பாவுக்கு ஒரு வளையம். கல்லை விற்ற கடைக்காரருக்கு ஒன்று. அதை வார்த்தவர்களுக்கு ஒன்று. மண்ணிலிருந்து இரும்பு எடுத்தவர்களுக்கு ஒன்று.

"முடிஞ்சுதோ?"

"இன்னும் ஒண்டு ரீச்சர். கிழட்டு நட்சத்திரத்துக்கு."

வகுப்பே சிரித்தது. துவாரகா மஞ்சள் கடதாசியைக் கையில் எடுத்தாள்.

"பெரிய நட்சத்திரங்கள் இளசா இருக்கேக்க நீலமா மின்னும். வயசு போகப் போக ஊதிச் சிவக்கும்."

"எங்கட பெரியப்பா மாதிரி," என்றான் பஸ்ரியன்.

"உள்ளுக்க ஒரு பொருள் எரிஞ்சு முடிய இன்னொண்டு உண்டாகும். கடைசியா இரும்பு. அதுக்குப் பிறகு எரிய ஏலாது. வெடிச்சுச் சிதறிப்போகும். அந்தத் தூளும் சேர்ந்துதான் எங்கட பூமி வந்தது."

"ஐயோ, அப்ப சூரியனும் வெடிக்குமோ?" என்றான் பஸ்ரியன்.

"இல்லை, அது சின்னன். ஊதிச் சிவந்து, பிறகு சுருங்கிப்போகும். அதுக்குக் கன கோடி வருசம் கிடக்கு. நீ வீட்டுப்பாடம் செய்யத்தான் வேணும்."

மஞ்சள் வளையத்தைக் கோக்கப்போனவள் நின்றாள். சுபாங்கியின் முழங்காலில் ஒரு சிவப்புத் துளி தெரிந்தது.

"ரீச்சர், சுபாங்கியும் இரும்பு கொண்டுவந்திருக்கிறாள்."

"எங்கை?"

"இரத்தத்தில. எங்கள் எல்லாரின்ர இரத்தத்திலயும் இரும்பு இருக்கு. என்ர தோசைக்கல்லில இருக்கிற அதே சாமான்தான்."

சுபாங்கி முழங்காலைப் பார்த்தாள். பிறகு மெல்ல எழுந்தாள்.

"கீரைச் சோறு தீத்தின அம்மாவுக்கு ஒண்டு. கீரை வித்த அன்ரிக்கு ஒண்டு. அது முளைச்ச மண்ணுக்கு ஒண்டு. பிறகு…" அவள் துவாரகாவின் கையைப் பார்த்தாள். "எனக்கும் அந்த மஞ்சள்தான்."

ஒரே வளையத்தில் இரண்டு சங்கிலிகளும் சேர்ந்தன.

பஸ்ரியன் தான் கொண்டுவந்திருந்த சைக்கிள் மணியை அடித்தான். "இதுவும் இரும்புதான். கொஞ்சம் தள்ளுங்கோ, எனக்கும் இடம் விடுங்கோ."

வகுப்பு முடிந்ததும் சுபாங்கி ஒரு பச்சைக் கடதாசியைத் துவாரகாவின் கையில் வளையமாகச் சுற்றி ஒட்டினாள்.

"இது ஆருக்கு?"

"உனக்குத்தான். அப்ப சொல்ல மறந்திட்டன்."

திரும்பும் பஸ்ஸில் தோசைக்கல் சுபாங்கியின் மடியில் இருந்தது. அவள் அதை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"இதையும் விட்டிட்டு இறங்கினால், பஸ் தோசையும் சுடத் தொடங்கியிடும்," என்றாள்.