இருநூறு கிலோ குதிரை

நசுங்கிய குடத்தைக் காலையில் வெயிலில் வைத்தால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் அது நிமிர்ந்துவிடும். தூத்துக்குடியில் இப்போது ஒடுக்கு எடுப்பவரும் இல்லை, காயலான் கடையும் இல்லை. எல்லாம் உருமீட்பி செய்த வேலை. பெயிண்ட் மாதிரி பூசும் அந்தக் குழம்பில் கோடிக்கணக்கான நுண்பொறிகள் உண்டு. அவை உலோகத்தின் உள்தழும்புகளைப் படித்து, அது எந்த உருவத்தில் அதிக காலம் இருந்ததோ அதற்கே திருப்பிவிடும். குடம் பத்து வருடமாகக் குடம், நசுங்கியது நேற்று. குடம்தான் ஜெயிக்கும்.

பழைய இரும்பில் சிற்பம் செய்யும் பிச்சைக்கனிக்கு இதனால் பிழைப்பு போனது. குப்பையே இல்லாத ஊரில் மனிதர் எதைப் பொறுக்குவார்? ஆனாலும் அவர் புலம்பவில்லை. துறைமுகத்தில் நாற்பது வருடம் பொறுக்கி நூற்றிருபது சிற்பங்கள் செய்தாயிற்று. அவை தனக்குப் பிறகும் நின்றால் போதும் என்றிருந்தார். அவற்றைத்தான் துரு தின்றுகொண்டிருந்தது.

நகரக் காட்சிக்கூடம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க அழைத்தபோது, இயக்குநர் மெர்வின் மரியாதையோடு கேட்டார்.

"உருமீட்பி பூசிருவோமா ஐயா? ஐந்நூறு வருஷத்துக்குத் துருவே அண்டாது."

பிச்சைக்கனி நெகிழ்ந்துபோய்க் கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணாடிக் கூரைக்குக் கீழே, நல்ல வெயிலில் பூசினார்கள்.

மறுநாள் திறப்பு விழா. கதவைத் திறந்தால் உள்ளே சிற்பங்களைக் காணோம். திமிங்கலம் இருந்த இடத்தில் பதினான்கு வாளிகள். விருது வாங்கிய மீனவப் பெண் நின்ற மேடையில் ஒரு நங்கூரமும் இரண்டு சைக்கிளும். பதினைந்து வருடம் அவளாக இருந்த நங்கூரம், அதற்கு முன் அறுபது வருடம் நங்கூரமாக இருந்தது. பூச்சின் கணக்கு தப்பவில்லை. யாரும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மெர்வின் அழுதேவிட்டார். பிச்சைக்கனி ஒவ்வொரு மேடையாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். கடைசி மூலையில் ஒன்று மட்டும் அப்படியே நின்றது. இருபத்திரண்டு வயதில் அவர் செய்த முதல் குதிரை. கிரேனிலிருந்து பெட்டி விழுந்து சிதறிய புத்தம்புது போல்ட்டுகளால் செய்தது. அவை போல்ட்டாக இருந்தது சில நாள்தான், குதிரையாக நின்றதோ நாற்பது வருடம். ஊரே அதை ஆடு என்று சிரிக்க, வெட்கத்தில் அதை வண்டியோடு கொண்டுபோய் இசக்கியம்மாள் டீக்கடை வாசலில் சரித்துவிட்டு ஓடிவந்தார். கண்காட்சிக்காக அங்கிருந்துதான் இப்போது கிரேன் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள்.

அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கிழவர் கண்ணீர் விட்டார். விழாவுக்கு வந்திருந்த இசக்கியம்மாளைப் பார்த்துக் கைகூப்பினார்.

"நாப்பது வருஷம் இதப் பத்திரமா வச்சிருந்தியே தாயி! என் பேரு நிக்கிறதே ஒன்னாலதான்."

"பத்திரமாவா? நல்லா கேட்டீங்க போங்க. எத்தன தடவ தூக்கிப் போடப் பாத்தேன் தெரியுமா? நாலு ஆளு சேந்தும் அசையல. அதான் கெடந்துச்சி."

பிச்சைக்கனி சிரித்தார். அந்தச் சிரிப்போடு கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். வாளிகள், சைக்கிள்கள், நங்கூரம். இவ்வளவு பழைய இரும்பை ஒருசேரப் பார்த்து எத்தனை காலம்! மனம் நிறைந்துபோனது.

"மெர்வின் தம்பி, அழாதீங்க. பூச்சக் கழுவிட்டு எல்லாத்தையும் எனக்கே தந்திருங்க. மறுபடி ஆரம்பிக்கேன்."

"ஒண்ணு என் கடைக்கும் குடுங்க அண்ணாச்சி" என்றாள் இசக்கியம்மாள். "ஆனா இதே மாதிரி கனமாச் செய்ங்க. இல்லன்னா அடுத்த வாரமே யாருக்காச்சும் குடுத்திருவேன்."