காயாத ஜக்கெற்

காலையில் அண்ணி மொட்டைமாடிக் கொடியில் போட்ட ஜக்கெற்றைப் பின்னேரம் வேலையால் வந்த சுகிர்தன் தொட்டுப் பார்த்தான். போட்டபோது இருந்ததைவிட அது ஈரமாக இருந்தது.

அன்றைக்கு ஒரு துளி மழையில்லை. வெள்ளவத்தையில் அந்த மாதங்களில் மேற்கே கடலிலிருந்து ஏறுகிற கச்சான் காற்று, ரயில் பாதையைத் தாண்டி, லேனுக்குள் நுழைந்து, கொடியில் கிடக்கிற சாரத்தையும் துவாயையும் உப்பு மணக்க மணக்கக் காயவைத்துவிட்டுத்தான் காலி வீதிப் பக்கம் போகும். பக்கத்தில் தொங்கிய அண்ணியின் ஹவுஸ்கோட் அப்பளம் போல மொறுமொறுத்தது. ஜக்கெற்றின் கைநுனியிலிருந்து மட்டும் ஒரு சொட்டு, கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொட்டு, சீமெந்துத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. சொட்டு கறுப்பாக இருந்தது.

எதிலும் முதலில் தன்னையே சந்தேகிப்பது அவனுடைய பழக்கம். காலையில் அது காய்ந்திருந்ததை உண்மையில் பார்த்தேனா, பார்த்ததாக நினைத்துக்கொண்டேனா? தண்ணீர்த் தாங்கி ஒழுகுகிறதா என்று போய்ப் பார்த்தான். ஒழுகவில்லை. பக்கத்து வீட்டு ஏசிக் குழாய் இவ்வளவு தூரம் எட்டாது. திரும்பி வந்து விரலை மணந்தான். அழுகிய புல்லும் சேறும் கலந்த வாசம். அதற்கடியில், மூக்குக்குள்ளேயே தங்கிவிடுகிற மாதிரி, ஏதோ பெரிய மிருகத்தின் மூத்திர நெடி.

அது அண்ணன் கஜேந்திரனின் ஜக்கெற். நுவரெலியாவுக்கும் அப்பால், தேயிலை முடிந்து காடு தொடங்குகிற ஒரு மேட்டுக்கு அண்ணன் போன வருடம் வில்லும் கையுமாகத் தனியே மரைமான் வேட்டைக்குப் போயிருந்தார். துவக்கென்றால் வனக் காவலர்களுக்குக் கேட்டுவிடும், அம்புக்குச் சத்தமில்லை. மாட்டைவிட உயரமான ஒரு ஆண் மரையின் தோளில் அம்பு இறங்கியது. மரை விழவில்லை. காட்டுக்குள் போய், ஒரு வளையம் சுற்றி, அவருக்குப் பின்பக்கமாக வந்தது. ஜக்கெற்றின் முதுகில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. ஆஸ்பத்திரியில் அவருடைய உடலோடு பொலித்தீன் பையில் கட்டிக் கொடுத்ததை அண்ணி இன்றுவரை கழுவவில்லை.

இந்த முறை சுகிர்தன் போகவேண்டும். தனியே. அது அண்ணி எடுத்த முடிவு.

வில் பிடிக்க அண்ணனுக்கு ஆசை வந்ததே சுகிர்தனால்தான். அதை அண்ணி மறந்ததில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு மைதானத்தில் நடந்த பின்னேர வகுப்புக்கு அவன் போய்க்கொண்டிருந்தான். வேடிக்கை பார்க்க வந்த அண்ணன் வேட்டைக்காரனாகிவிட்டார். சுகிர்தனுடைய அம்பு இதுவரை வட்டம் கீறிய கடதாசியைத் தவிர வேறொன்றிலும் இறங்கியதில்லை. மூச்சு விடுகிற ஒன்றுக்கு முன்னால் நின்றால் தன் கை என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியாது. தெரியாது என்பதை அண்ணியிடம் சொல்லவும் முடியவில்லை.

குசினியில் அண்ணி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"வில் ஆயத்தமோ?"

"நாண் மாத்திட்டன் அண்ணி. மெழுகும் போட்டாச்சு. இன்னும் கொஞ்சம் பழகோணும்."

"போன மாசமும் இதைத்தான் சொன்னனீ."

"ஜக்கெற் இன்னும் காயேல்லை."

"காய வேண்டாம், மணக்கட்டும்." துருவலையிலிருந்து அவள் கண் எடுக்கவில்லை. "அவரை அது ஒருக்காக் குத்திப்போட்டுப் போகேல்லைத் தம்பி. விழுந்தாப் பிறகும் நிண்டு குத்தினதாம். இராமர் சொன்னவர். அவ்வளவு கோவம். அந்தக் கோவம் எனக்கு விளங்கும். எனக்கும் இருக்குத்தானே."

இராமர் அந்த மலையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருப்பவர். அண்ணனைக் காட்டோரம் வரை கூட்டிப்போனவரும், மறுநாள் தூக்கி வந்தவரும் அவர்தான். தோளில் முறிந்த அம்போடு அந்த மரை இன்னும் திரிகிறதென்று இடைக்கிடை போனில் சொல்வார்.

மரைக்குக் கண் சுமார்தான். மூக்குத்தான் எல்லாம் என்று அண்ணன் சொல்லிக் கொடுத்திருந்தார். அதனால் சுகிர்தன் வாசமில்லாத சவர்க்காரம் போட்டுக் குளித்தான். வேட்டை உடுப்புகளைக் காய்ந்த இலைகளோடு பையில் போட்டு இறுக்கி வைத்தான். மனித வாசனை கொஞ்சமும் இல்லாமல் போகவேண்டும் என்பது அவன் கணக்கு. அண்ணியின் கணக்கு வேறு. அந்த ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு போ, அவரின்ர மணத்துக்கு அது தானாக வரும், தேடி அலையத் தேவையில்லை என்றாள். அதற்காகத்தான் அது தினமும் கொடியில் தொங்கியது.

அண்ணனுடைய வில் கப்பி பூட்டியது. இழுக்கிற பாதித் தூரம் தோளைப் பிய்க்கும். பிறகு திடீரென்று பாரம் குறைந்து கைக்குள் அடங்கும். பின்னேரங்களில் மொட்டைமாடியில் பழந்துணி அடைத்த சாக்கைச் சுவரில் சாத்தி எய்து பழகினான். ஒவ்வொரு அம்புக்கும் முன்னால் பேபி பவுடர்ப் போத்தலை ஒருமுறை அமுக்கிக் காற்றுப் பார்ப்பான். வெள்ளைப் புகை ஒவ்வொரு முறையும் கிழக்கே போகும். காலி வீதிக் கட்டடங்களுக்கு மேலால், தகரக் கூரைகளுக்கு மேலால். கொடியில் ஜக்கெற் அதே பக்கம் கையை நீட்டிக்கொண்டு ஆடும்.

கீழ் வீட்டு ஒஸ்வால்ட் அங்கிள் மாடிப்படியில் மறித்தார். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற மனிதர்.

"தம்பி, உண்மையைச் சொல்லும். மேல என்ன, மாட்டுப் பட்டி போட்டிருக்கிறியளோ?"

"இல்லை அங்கிள், அது அண்ணன்ர ஒரு ஜக்கெற்..."

"நான் ஹாபர்ல கருவாட்டு மூட்டைக்கு மேல படுத்து நித்திரை கொண்டவன். எனக்கே வயித்தைப் பிரட்டுதெண்டாப் பாருமன்." சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எங்கட நாய் பிறவுணி ரெண்டு நாளாக் கட்டிலுக்குக் கீழ. கேற் பக்கம் போகுதில்லை. மூத்திரமும் உள்ளுக்குத்தான். லேன் நாய் ஒண்டையும் காணேல்லை, கவனிச்சனீரோ?"

கவனித்திருந்தான். தன் கற்பனை என்று நினைத்திருந்தான்.

அன்றைக்கு ஜக்கெற்றை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தான். காலருக்குள் மயிர்கள் ஒட்டியிருந்தன. தும்பு போலத் தடித்த, கபில நிற மயிர்கள். கைமடிப்புக்குள் ஒரு பிடி கறுப்புச் சேறு. திருப்பி முதுகைப் பார்த்தான். இரண்டு ஓட்டைகள், ஓரம் கறுத்துக் காய்ந்தவை. அவற்றுக்குக் கீழே மூன்றாவதாக ஒன்று. அதன் நூல்கள் வெள்ளையாக, அப்போதுதான் கிழிந்ததுபோல வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

முன்பே இருந்திருக்கும், நான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டான்.

அடுத்த நாள் நாலாவது வந்தது.

இராமருக்குப் போன் எடுத்தான். வருவதற்கு நாள் கேட்கத்தான். எப்படியாவது தள்ளிப் போடலாம் என்ற எண்ணமும் உள்ளே இருந்தது.

"வர வேணாங்க தம்பி," என்றார் இராமர். லைனில் காற்று இரைந்தது. "வந்து புண்ணியமில்லீங்க. அது இங்க இல்ல."

"செத்திட்டுதோ?"

"எறங்கிருச்சுங்க. தடத்தப் பாத்தேன். தார் ரோட்டத் தாண்டிக் கீழ போகுது. நான் இத்தன வருசத்துல அப்புடிப் பாத்ததே இல்லீங்க. மூக்கத் தூக்கிக்கிட்டே போற மாதிரி, ஒரே கோடா, மேக்கால போகுது. அது மட்டும் இல்லீங்க. காட்டுல இப்ப ஒரு மரைகூடக் கெடையாது."

போனை வைத்துவிட்டு மொட்டைமாடிக்கு ஏறினான். கடல் இரைந்தது. பவுடர்ப் போத்தல் சுவரோரம் இருந்தது. ஏன் எடுத்தான் என்று தெரியாது. எடுத்து அமுக்கினான். வெள்ளைப் புகை ஜக்கெற்றைத் தடவிக்கொண்டு கிழக்கே போயிற்று. கூரைகளுக்கு மேலால். இன்னும் அப்பால். மலை இருக்கிற பக்கம்.

மிருகத்துக்கு மேல்காற்றில், உன் மணம் அதை நோக்கி வீசுகிற பக்கம், நிற்காதே. வேட்டைக்காரன் படிக்கிற முதல் பாடம். இந்தக் கச்சான் தொடங்கிய நாளிலிருந்து அவர்கள் ஒரு மலை முழுவதற்கும் மேல்காற்றில் நின்றிருக்கிறார்கள்.

ஜக்கெற்றைப் பிடுங்கிப் பொலித்தீன் பைக்குள் திணித்தான். மேலே இன்னொரு பை. வாய்களை இறுக்கிக் கட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினான். மறுநாள் பொழுதுபட்டு இருட்டுகிற நேரம் லேனுக்குள் திரும்பியபோதே அதைக் கண்டான். கொடியில் இருந்தது. இரண்டு கைகளையும் விரித்து, கிளிப் போட்டு, அண்ணி அதைக் கவனமாகக் காயவிட்டிருந்தாள்.

"உங்களுக்குத் தெரியும்," என்றான். கொடியிலிருந்து பிடுங்கி வந்த ஜக்கெற்றை அண்ணியின் காலடியில் போட்டான். "தெரிஞ்சுதான் போட்டனீங்கள்."

அண்ணி முன்விறாந்தையில் கதிரை போட்டு இருந்தாள். தலை வாரி, வெளியே போகிறவள் போல நல்ல சேலை கட்டியிருந்தாள். மடியில் இறைச்சி வெட்டுகிற கத்தி.

"நீ அங்க போனா ஓடியிருவாய் தம்பி. கோவிக்காதை. எனக்கு உன்னைத் தெரியும், நல்ல பிள்ளை நீ. காட்டுக்குள்ள தனிய நிண்டா உனக்குக் கை வராது." ஏசுகிற குரலில்லை, சோறு போடட்டோ என்று கேட்கிற குரல். "சொந்த வீட்டு வாசலெண்டால் ஓட எங்க இடம்?"

"பொலிசுக்குச் சொல்லுவம். வன இலாகாவுக்கு..."

"அதின்ர தலை எனக்கு வேணும். அவற்ற படத்துக்குக் கீழ. அதுக்குப் பிறகு நீ எங்க வேணுமெண்டாலும் போ, நான் கேக்கமாட்டன். போட்டுக்கொள்."

மாட்டேன் என்று சொல்ல வாய் திறந்தான். அந்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது.

லேன் முழுதும் இருண்டது. வழக்கமாக எழுகிற கூச்சல் எழவில்லை. ஒரு ஜன்னலும் திறபடவில்லை. இருட்டில் அண்ணி அவன் பின்னால் வந்து நின்றாள். ஜக்கெற் தோளில் ஏறியது. ஊறிய சாக்கைப் போலப் பாரம். குளிர். அவள் விரல்கள் பொத்தான்களைத் தேடித் தேடிப் பூட்டின. பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைக்குப் பூட்டுவதுபோல. முதுகில், ஓட்டைகள் இருந்த இடங்களில், காற்று வெறும் தோலைத் தொட்டது.

வில்லையும் ஒரு அம்பையும் கையில் தந்தாள். பலகணிக்குத் தள்ளினாள்.

கீழே கேற். பூட்டியிருந்தது. அப்பால் லேன். ஒன்றும் தெரியவில்லை.

சேற்று வாசம் வந்தது. ஜக்கெற்றின் வாசமென்றுதான் முதலில் நினைத்தான்.

டக்.

தாரில் ஏதோ தட்டியது.

டக். டக்.

கேற்றுக்கு வெளியே இருட்டு கொஞ்சம் தடித்தது. அந்தத் தடிப்புக்கு முதுகு இருந்தது. கழுத்து இருந்தது. கொம்பு கம்பிகளில் உரசி மெல்லக் கிணுகிணுத்தது. பிறகு மூச்சு. நீளமாக, ஆழமாக. மோந்து பார்க்கிற மூச்சு.

நாணை இழுத்தான். தோள் பிய்ந்தது. பாரம் இறங்கியது. கை நடுங்கவில்லை. அதுதான் அவனுக்கு ஆச்சரியம்.

விட்டான்.

ஈரச் சாக்கில் குத்தியதுபோல ஒரு சத்தம். முன்னங்கால்கள் மடிந்தன. கேற் அதிர்ந்தது.

அண்ணி படிகளில் ஓடினாள். ரோச் வெளிச்சம் துள்ளித் துள்ளிக் கீழே போயிற்று. கம்பிகளுக்கிடையால் வெளிச்சத்தை விட்டுப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். மரை இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"இது இல்லை," என்றாள். சந்தையில் பழுதான மீனைத் திருப்பிக் கொடுக்கிறவளின் சலிப்பு. "தோள் சுத்தமாக் கிடக்கு. இது இல்லையடா தம்பி."

விழுந்த மரை தலையைத் தூக்கிக் கூப்பிட்டது. உடைந்த ஹோர்ன் போன்ற, ஒற்றைக் குரல்.

காலி வீதிப் பக்கமிருந்து பதில் வந்தது.

கடல் பக்கமிருந்தும்.

அண்ணி ரோச்சை உயர்த்தினாள். கண்கள். பச்சையாக. மதிலோரம், நிறுத்தியிருந்த வான்களுக்கிடையில், ஒஸ்வால்ட் அங்கிளின் ஜன்னலுக்கு நேரே. பெண் மரைகள். குட்டிகள். லேனின் இந்தப் பக்க முடிவு வரை. அந்தப் பக்க முடிவு வரை. ஒன்றும் அசையவில்லை. ஒன்றும் அண்ணியைப் பார்க்கவில்லை. எல்லாம் மேலே பார்த்தன.

"எல்லாரும் வந்திருக்கினம்," என்றாள் அண்ணி மெதுவாக.

பொத்தான்களைப் பிடித்து இழுத்தான். நூல் ஊறி இறுகியிருந்தது. ஒன்றும் கழலவில்லை.

"அண்ணி. ஏலாது. என்னாலை ஏலாது." வாழ்க்கையில் முதன்முறையாக அவளிடம் அதைச் சொன்னான். "கேற்றைத் திறக்காதையுங்கோ."

ஆமைப்பூட்டு கிளிக்கென்றது.

கண்கள் இரண்டு பக்கமும் விலகின. நடுவில் வழி விட்டன. அந்த வழியில், லேனின் இருட்டான முனையிலிருந்து ஒன்று வந்தது. அவசரமில்லாமல், தோளில் முறிந்த அம்போடு. இரண்டு பக்க மதில்களிலும் ஒரே நேரத்தில் கொம்பு உரசுகிற சத்தம். சாந்து உதிர்கிற சத்தம். மதிலுக்கு மேலே, பலகணியின் உயரத்தில், மூச்சு.

அண்ணி முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள். கேற்றை அகலத் திறந்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

"வாங்கோ," என்றாள்.

மற்றக் கையை உயர்த்தி அவனைக் காட்டினாள்.