பலகைச் சுவரின் சூடு

ஊசியில் நூல் கோக்கச் சற்றே சாய்ந்தபோது, தையல்காரியின் முழங்கை பட்ட பலகைச் சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. காலையிலிருந்து மழை. ஜன்னல் கண்ணாடி, தரை, கத்தரிக்கோலின் கைப்பிடி என்று எல்லாமே சில்லிட்டுக் கிடந்த அந்த மதியத்தில், சுவரின் அந்த ஓரிடம் மட்டும், யாரோ வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இப்போதுதான் எழுந்து போன நாற்காலியைப் போல இருந்தது. கையை எடுத்தாள். மறுபடி வைத்தாள். இஸ்திரிப் பெட்டியின் சூடாக இருக்கும் என்று திரும்பிப் பார்த்தால், அது மேசையின் மறுகோடியில் இருந்தது.

பிறகுதான் அந்த நாற்றம். துணி கருகினால் எப்படி மணக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. பருத்திக்கு ஒரு வாடை, பாலியஸ்டருக்கு இன்னொன்று. இது இரண்டும் இல்லை. கெட்டுப்போன மீனை மூடி வைத்த பாத்திரத்தை யாரோ திறந்த மாதிரி. அந்த வீட்டில் மீன் வாங்கியே மாதக்கணக்காகிறது.

“அத்தை, அங்க ஏதாவது நாத்தம் அடிக்குதா?” என்று மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

மாமியார் மாடியில் படுத்த படுக்கை. கட்டிலருகே நிற்கும் ஆக்ஸிஜன் மிஷின்தான் மூக்குக் குழாய் வழியாக இரவும் பகலும் அவளுக்கு மூச்சு கொடுக்கிறது. வாய்க்கு மட்டும் எந்த நோயும் கிடையாது.

“மூக்குல குழாயைச் சொருகிட்டு… மோப்பம் வேற பிடிக்கச் சொல்றியா? நல்லா இருக்கும்மா உன் நியாயம்!”

தையல்காரி சிரித்துக்கொண்டே தையல் மிஷினின் மோட்டாரை அணைத்தாள். சத்தம் நின்றுவிடும் என்று நினைத்தாள். நிற்கவில்லை. மோட்டாருக்கு அடியில் இன்னொரு சத்தம் இத்தனை நேரமும் ஒளிந்திருந்திருக்கிறது. மூடிய வாய்க்குள்ளேயே யாரோ ராகம் இழுப்பது போல, பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பது போல, விட்டுவிட்டு வந்தது. காதைச் சுவரில் ஒட்டினாள். கன்னம் சுட்டது. தலைக்கு மேல் பல்பு ஒரு முறை மங்கி, கண் சிமிட்டி, முன்னைவிடப் பிரகாசமாக எரிந்தது. இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். ராகம் தொடர்ந்தது.

கணவனுக்குப் போன் போட்டாள். கரண்ட் போனால் மாட்ட வைத்திருக்கும் மாற்று சிலிண்டரில் ஆக்ஸிஜன் நிரப்பப் போனவன் வரிசையில் நின்றுகொண்டிருந்தான்.

“ஏங்க, சுவர் சுடுது.”

“அடுப்பு சுடுதுன்னு சொல்லு, நம்பறேன்.”

“விளையாடாதீங்க. உள்ள என்னமோ சத்தம் போடுது. பியூஸ் போகப்போகுதோ என்னமோ.”

“போகாது. இனிமே போகவே போகாது.” அவன் குரலில் ஒரு பெருமை. “எப்பப் பார்த்தாலும் பியூஸ் போயி, அம்மா மிஷின் நின்னு, நமக்கு உயிர் போயிட்டுத் திரும்பி வருமே? அதான் அந்த மெல்லிசு கம்பியத் தூக்கிப் போட்டுட்டு, துணி காயப்போடற கொடிக்கம்பியில ஒரு துண்டை வெட்டி முறுக்கி வச்சிட்டேன். அப்புறம் ஒரு தடவையாவது போச்சா, சொல்லு?”

போகவில்லை. அதற்காக அவளும் சந்தோஷப்பட்டிருந்தாள். அறுந்துபோவதற்காகவே அங்கே ஒரு கம்பி இருந்தது. அறுந்துபோகாத ஒன்றை இவர்கள் வைத்துவிட்டார்கள்.

“இருக்கியா? சிலிண்டர் கைக்கு வந்ததும் பறந்து வந்துடறேன். அதுவரைக்கும் மெயினை மட்டும் அணைச்சிடாத. அம்மா தாங்க மாட்டாங்க.”

தீயணைப்புக்காரர்களைக் கூப்பிடலாமா? நெருப்பில்லை, புகையில்லை. சுவருக்குக் காய்ச்சல் என்றா சொல்வது? போனை மேசையில் வைத்தாள்.

நான்கைந்து பல்புகளே போதும் என்றிருந்த காலத்தில் கட்டிய மரவீடு அது. துணி சுற்றிய பழைய வயர்கள் பலகைகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில் ஓடின. அந்த வெற்றிடம் எவ்வளவு பெரியது என்பது அவளுக்குத் தெரியும். ஒருமுறை அத்தையின் மோதிரம் மாடிச் சுவர் இடுக்கில் விழுந்து, எங்கும் தடைபடாமல், தையல் அறையின் தரைவரை உருண்டு வந்திருக்கிறது. தரையிலிருந்து கூரைவரை ஒரே குகை.

உள்ளங்கையைச் சுவரில் பதித்தபடி படியேறினாள். சூடும் கூடவே ஏறியது. அவள் நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது. அப்படித்தான் தோன்றியது. பெயிண்டில் வியர்வை போலப் பிசுபிசுப்பு. விரலை முகர்ந்தாள். மீன்.

அத்தை சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு படுத்திருந்தாள். கண் மூடி, முகத்தில் ஒரு சொக்கல்.

“வாம்மா. இங்க வந்து கைய வையேன். ஒத்தடம் கொடுக்கற மாதிரி… என்ன இதமா இருக்கு.”

அவள் தோளுக்குப் பின்னால், பெயிண்ட் கொப்புளம் விட்டிருந்தது. தையல்காரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று. மெல்லப் புடைத்து. உடைந்து.

“அத்தை, மெயினை அணைக்கப் போறேன். கொஞ்ச நேரம்தான். அணைச்சதும் உங்களைத் தூக்கிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போயிடலாம். சமாளிச்சுக்குவீங்களா?”

கிழவி கண்ணைத் திறந்தாள். மருமகளின் முகத்தைப் பார்த்தாள். வழக்கமான கேலி வரவில்லை. “சீக்கிரம் வந்துடுடி” என்றாள்.

ஓடினாள். கதவுக்குப் பின்னால் மெயின் சுவிட்ச். பிடி கையைச் சுட்டது. முந்தானையைச் சுற்றிக்கொண்டு இழுத்தாள்.

இருட்டு. மாடியில் மிஷின் ஒரு முறை கீச்சிட்டு அடங்கியது. மழை.

ராகம் நின்றுவிட்டது. அப்பாடா என்று சுவரில் சாய்ந்தாள். சாய்ந்த பிறகுதான் கேட்டது. வேறு சத்தம். மெதுவாக, ஆழமாக, காற்றை உள்ளே இழுக்கும் சத்தம். கரண்ட் இல்லை. ஆனாலும் இழுத்தது. பிறகு விட்டது.

மேலே போனாள். மூக்குக் குழாயைக் கழற்றி, அத்தையை முதுகில் ஏற்றிக்கொண்டாள். எலும்பும் தோலும்தான். ஆனாலும் கனத்தது. இரண்டு கைகளும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டன.

“இறுக்கிப் பிடிச்சுக்கங்க.”

“ம்.”

மாடிப்படி குறுகல், ஜன்னலும் கிடையாது. வலப்பக்கம் சுவர். ஒவ்வொரு படியாகக் காலால் துழாவினாள். இப்போது பலகை இடுக்குகளிலிருந்து புகை கசிந்து கண்ணைக் கரித்தது. வலது காதுக்குப் பின்னால் அத்தையின் மூச்சு சூடாகப் பட்டது. இருக்கிறது. மூச்சு இருக்கிறது. அடுத்த படி. மூச்சு. அடுத்த படி.

“இதோ வந்துட்டோம் அத்தை. இதோ.”

மூச்சு மட்டும். சீராக.

அப்போது வெளிச்சம் வந்தது. சுவரில், பலகைக்கும் பலகைக்கும் இடையே, ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய கோடுகள். கீழிருந்து ஒவ்வொன்றாக ஏறி, அவளைக் கடந்து, மேலே போயின. படிகள் தெரிந்தன. தன் கால்கள் தெரிந்தன.

இடது தோளில் அத்தையின் தலை தெரிந்தது. கன்னம் அவள் காறையெலும்பில் படிய, முன்பக்கமாகத் தொங்கியிருந்தது. வாய் திறந்திருந்தது. அசைவில்லை.

வலது காதுக்குப் பின்னால் அந்தச் சூடான மூச்சு, மெதுவாக, உள்ளே இழுத்தது.