முன்வரிசை

ரேக்கின் ஆழம் ஒரு முழம்தான். முழங்கை தட்டின் விளிம்பைத் தொடும்போது நடுவிரல் பின்தகரத்தில் இடிக்கும். இரண்டாம் தளத்து மேனேஜருக்கு இது கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். அந்தத் தட்டுகளில் கைவிட்டுத் துழாவியே அவன் தலைமுடி கொட்டியிருந்தது. அன்று காலை, ஷட்டர் தூக்கிய கையோடு, துண்டுப் பொட்டலங்களின் முன்வரிசைக்கு நடுவே கையை விட்டான். முழங்கை உள்ளே போயிற்று. தகரம் வரவில்லை. தோள்வரை போயிற்று, கன்னம் பொட்டலத்தில் அழுந்தியது, அப்போதும் தகரம் வரவில்லை. விரலில் பட்டது துணி. வெதுவெதுப்பாக, நெரிசலான பஸ்ஸில் வந்திறங்கியவர் சட்டை மாதிரி லேசான ஈரத்துடன் இருந்தது. அதற்கு மேலே ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. பிடித்து இழுத்தான். கனமாக ஒன்று கொஞ்ச தூரம் கூடவே வந்து, பிறகு விட்டுவிட்டது.

கையில் இருந்தது ஒரு கொண்டை கிளிப். அதன் பல்லில் இரண்டு மூன்று முடி.

அவனுக்கு முதலில் வந்தது பயமல்ல, எரிச்சல். எந்தத் தச்சனோ பின்தகரத்தைக் கழற்றி விற்றிருக்கிறான், பின்னால் எவளோ உட்கார்ந்து தூங்குகிறாள் என்று முடிவு கட்டினான். பயப்படுவதற்கெல்லாம் ஒரு இடத்துக்குத் தகுதி வேண்டும், இந்தக் கடைக்கு அது கிடையாது என்பது அவன் எண்ணம். கிளிப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இந்தக் கடைதான். கட்டிலா, கடிகாரமா, குழந்தைக்கு முதல் செருப்பா, எல்லாவற்றுக்கும் இங்கேதான் வந்தார்கள். எஸ்கலேட்டரைப் பார்ப்பதற்கென்றே குடும்பம் குடும்பமாக வந்து, ஏறப் பயந்து கீழேயே நின்று சிரித்துவிட்டுப் போனார்கள். ஆலையில்லா ஊரில் இலுப்பைப்பூ சர்க்கரை. ஆலை வந்ததும் ஜனங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. தாத்தா கட்டினார், அப்பா பெருக்கினார், பேரன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தான். ஊழியர்கள் அவனுக்கு வைத்த பெயர் பலூன். உள்ளே இருப்பது காற்று, அதுவும் வேறு யாரோ ஊதியது.

கிளைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தபோது பலூன் கண்டுபிடித்த மருந்து ஒன்றே ஒன்று: எதுவும் காலியாகத் தெரியக்கூடாது. சரக்கு குறைந்தால் இருப்பதையெல்லாம் தட்டின் விளிம்புக்கு இழுத்து வை. முன்வரிசை நிறைந்திருந்தால் போதும், பின்னால் யார் பார்க்கப் போகிறார்கள்? சரக்கே இல்லையென்றால் வெறும் அட்டைப்பெட்டியை வை. ஆட்களைக் கழித்துக்கட்டினால் மிச்சமிருப்பவர்களை ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் நிறுத்து. கடைசியில் வாங்க வருகிறவர்களும் குறைந்தபோது, ஊழியர்கள் வீட்டு ஆட்களை அழைத்து வந்து டிராலியோடு நடமாட விடவேண்டும் என்று உத்தரவு வந்தது.

"கூட்டம்தான் கூட்டத்தைக் கூட்டும்," என்றான் பலூன், தலைமை அலுவலகத்திலிருந்து வீடியோவில்.

கொண்டையிலே தாழம்பூவாம், உள்ளே ஈரும் பேனுமாம் என்று சொல்லி மேனேஜர் எல்லோரையும் சிரிக்க வைத்தான். மறுநாளே பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தான். சிரிப்பு வேறு, வேலை வேறு.

"எனக்கு அங்க வரவே பிடிக்கலங்க," என்று அவள் சொல்லியிருந்தாள்.

"வீட்ல சும்மாதான இருக்க. அங்க வந்து சும்மா இரு. ஏசியாவது கிடைக்கும்."

சில நாள் கழித்து, சாயங்காலம் செருப்பைக் கழற்றியதும் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "முதுகு ஒரு மாதிரியா இருக்குங்க. சில்லுனு. கொஞ்சம் பாருங்களேன்."

அவன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முதுகுல என்ன இருக்கப் போகுது? முதுகுதான் இருக்கும்."

அடுத்த நாளும் கேட்டாள். அப்புறம் பார்க்கலாம் என்றான். அதற்கடுத்த நாளும் அதேதான். இன்று காலை, மாடியேறி ரேக்கில் கைவிடுவதற்கு முன், அவளை வாசல் கண்ணாடிக்குப் பக்கத்தில், தெருவைப் பார்த்து நிறுத்திவிட்டு, "நீதான் பாக்க லட்சணமா இருக்க, முன்னாடி நில்லு," என்று சொல்லியிருந்தான். பல வருடத்தில் அவன் அவளைப் பாராட்டியது அது ஒன்றுதான்.

மத்தியானம் இரண்டாம் தளத்தில் பாதி டியூப்லைட்டுகளை அணைத்திருந்தார்கள். நின்றுபோன எஸ்கலேட்டரின் பல்லிடுக்கில் தூசி அடைந்து கிடந்தது. ஏசியின் உறுமலுக்கு அடியில் கடையின் பழைய விளம்பரப் பாட்டு, வார்த்தையில்லாமல், தேய்ந்த நாடாவிலிருந்து வருவதுபோல இழுத்து இழுத்து ஓடிக்கொண்டே இருக்க, எல்லாவற்றின் மேலும் ஈரம் காய்ந்த அட்டையின் வாடை படிந்திருந்தது. பெரியவர் ஒருவர் வந்து மூடி போட்ட பாத்திரம் கேட்டார். பாத்திரப் பகுதியில் நிற்பவளை எல்லோரும் பாத்திரக்காரம்மா என்பார்கள். கடையில் மேனேஜரைவிட மூத்தவள் அவள் ஒருத்திதான். அவள் பெரியவரைப் பார்த்துச் சிரித்தபடியே கையைப் பின்னால் விட்டு, திரும்பாமலே, தட்டிலிருந்து பாத்திரத்தை எடுத்துக் கொடுத்தாள். பில் கவுண்டருக்கு வழிகாட்டும்போது பின்பக்கமாகவே நடந்தாள்.

படிக்கட்டுப் பக்கம் தாத்தா முதலாளி காலத்துப் பித்தளைப் பலகை ஒன்று உண்டு: வாடிக்கையாளருக்கு முதுகு காட்டாதீர். அதை யாரும் மதித்ததாக மேனேஜருக்கு நினைவில்லை.

"என்னம்மா, கேலியா?" என்றான், பெரியவர் போனதும்.

"இல்ல சார்." அதே சிரிப்பு. "திரும்பினா நல்லா இருக்காது."

வேலை போகப் போகிறதென்று தெரிந்தால் எல்லோருக்கும் திமிர் வந்துவிடுகிறது என்று நினைத்தபடி அவன் ரேக்கைச் சுற்றி அடுத்த சந்துக்குப் போனான். அங்கிருந்து தட்டுகளின் இடுக்கு வழியாகப் பார்த்தால் அவளுடைய பின்பக்கம் தெரிய வேண்டும். முகம் தெரிந்தது. சிரிப்பு. அவள் நகர்ந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. அவன் இந்தப் பக்கம் வந்தான். முகம். மறுபடி அந்தப் பக்கம். முகம்.

தூணின் உச்சியில், திருடர்களைப் பிடிக்க மாட்டிய வட்டக் கண்ணாடி இருந்தது. திருட ஒன்றுமில்லாத கடையில் அதை மட்டும் தினம் துடைத்தார்கள். நிமிர்ந்து பார்த்தான். ரேக் தெரிந்தது. அவனுடைய வழுக்கை தெரிந்தது. அவனுக்கு எதிரே அவள் பின்பக்கம்.

பின்பக்கம் இல்லை.

தலையிலிருந்து குதிகால்வரை திறந்து கிடந்தது. அடி கிழிந்த பெட்டியின் உட்புறம் மாதிரி. பழுப்பு. உள்ளே இருட்டு. முகத்துக்குப் பின்னால் எதுவுமே இல்லை.

"வேற ஏதாவது பாக்குறீங்களா சார்?" என்றாள் பாத்திரக்காரம்மா.

அவன் ஓடினான். நின்றுபோன எஸ்கலேட்டரில் தடதடவென்று இறங்கினான். இத்தனை நாளும் எந்தக் கடையைச் சுண்டைக்காய் என்று நினைத்தானோ அந்தக் கடை அவனைத் துரத்துவதாகத் தோன்றியது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. பெண்டாட்டியை இங்கே கொண்டு வந்தது அவன்தான். வாசலில் நிறுத்தியதும் அவன்தான். அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்கக்கூடாது, அவளுக்கு மட்டும்.

அவள் டிராலியைப் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவைப் பார்த்து நிறுத்தியிருந்தான், அலுத்துப்போய்த் திரும்பியிருப்பாள். முடி அவிழ்ந்து தோளில் கிடந்தது.

"கிளிப் எங்க?" என்றான்.

"காலைல யாரோ பின்னாலேருந்து பிடிச்சு இழுத்த மாதிரி இருந்துச்சுங்க. பாத்தா யாரும் இல்ல." அவள் சிரித்தாள். "ஆனா முதுகு இப்ப சில்லுனு இல்ல. ஒண்ணுமே தெரியல."

சட்டைப் பைக்குள் கிளிப்பின் பல் அவன் நெஞ்சில் குத்தியது. யாரிடமும் சொல்லாமல் அவளைக் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தான். கை சூடாகத்தான் இருந்தது. பஸ்ஸில் அவள் இருக்கையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். தோளைச் சுற்றிக் கைபோட நினைத்தான், போடவில்லை. வீட்டுப் படிக்கட்டில், "நீங்க முன்னாடி போங்க," என்றாள். அவன் முன்னால் போனான். அதில் கிடைத்த நிம்மதிக்காகத் தன்னையே காறித்துப்பலாம்போல இருந்தது.

அவள் சமையலறைக்குள் போனாள். அவன் கூடத்தில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தான். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது, குழாய் ஓடியது, எண்ணெய் காயும் மணம் வந்தது. எல்லாம் தினம் இருப்பதுபோலத்தான் இருந்தது. இதைவிடப் பெரிய ஆறுதல் வேறென்ன வேண்டும் என்று எழுந்து சமையலறை வாசலுக்குப் போனான்.

அடுப்பு எதிர்ச்சுவரை ஒட்டி இருந்தது. வாசலில் நின்றால் தெரிவது எப்போதும் அவளுடைய முதுகுதான். இத்தனை வருடத்தில் அவன் அவளிடம் பேசியதில் முக்கால்வாசி அந்த முதுகிடம்தான்.

முகம் தெரிந்தது.

அவள் அவனைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையும் முன்னால், துணியில் துடைத்தபடி. அவளுக்குப் பின்னால் கரண்டி வாணலியைக் கிளறிக்கொண்டிருந்தது. சரக். சரக்.

"இனிமே அங்க போக வேணாம்," என்றான். "நானும் போகல. நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டலாம். எங்க வேணா போலாம்."

"சரிங்க." கோபமே இல்லை. சாயங்காலங்களில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்ட அதே குரல். "இப்பவாவது கொஞ்சம் பாக்குறீங்களா?"

அப்புறம். அந்த வார்த்தைதான் வாயில் வந்தது. பழக்கம்.

அவள் திரும்பினாள்.

அடுப்பு இல்லை. சுவர் இல்லை. அட்டை வாடை. ஏசிக் குளிர். அவளுடைய தோளிலிருந்து தோள்வரை, இரண்டு பக்கமும் தட்டுகள். தட்டுத் தட்டாக, காலியாக, உள்ளே போய்க்கொண்டே இருந்தன. வெகு தூரத்தில் ஒரு டியூப்லைட் விட்டு விட்டு எரிந்தது. இழுத்து இழுத்து அந்தப் பாட்டு.

அந்த வெளிச்சத்தில் ஏதோ அசைந்தது. ஒரு கை. தோள்வரை நீண்ட கை. மணிக்கட்டில் அவனுடைய வாட்ச், சட்டைக் கையில் இன்று காலை பொட்டலத்தில் உரசி ஒட்டிய அதே தூசி. அது அவசரமில்லாமல், ஒவ்வொரு தட்டாகத் துழாவிக்கொண்டு, முன்னால் இழுத்து வைக்க இன்னும் என்ன மிச்சமிருக்கிறது என்று தேடிக்கொண்டே அவனை நோக்கி வந்தது.